பல்கலைக்கழக வேலையும் வீட்டுக்கு வந்து சேரும் ஹேம்பரும்

மலேசியாவின் நிபோங் திபாலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறார். வாங்க வேண்டிய கருவிகளுக்கு விவரக்குறிப்பு எழுதுவதும், வந்து இறங்கும் சாமானைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதும் அவருடைய பொறுப்பு. தீபாவளிக்கு முந்தின வாரம், அந்த ஆய்வுக்கூடத்துக்குச் சாமான் கொடுக்கும் குத்தகையாளர் ஒருவர், இவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு ஹேம்பர், அதாவது பண்டிகைப் பரிசுக் கூடையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் இவர்கள் குடும்பம் இருந்த அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஓய்வுபெற்ற தண்டலான (தோட்டத்து மேற்பார்வையாளரான) அப்பாவை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அடுத்த மாதம் தம்பியின் கல்யாணத்துக்கு வருவார், மொய்யும் எழுதுவார். இதோடு, தம்பி தொடங்கவிருக்கும் கேட்டரிங் தொழிலில் அக்காவையும் பங்காளியாகச் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். மாணவரின் பெற்றோர் கொண்டுவரும் பட்டுச் சேலை, வார இறுதியில் கட்டணம் வாங்கி நடத்தும் கணித வகுப்பு, கோயில் பொருளாளர் பதவி, தோட்டத்து மக்கள் கேட்கும் கிணற்றுத் தண்ணீர்ச் சோதனை ஆகியவை மீதிக் கேள்விகள். 'எல்லாமே கூடாது' என்று ஒருவரும், 'இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்' என்று இன்னொருவரும் சொன்னதால் குழம்பிப்போய் எழுதியிருக்கிறார்.

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. பதிவதிகாரி அலுவலகத்தில் நெடுங்காலம் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, இந்த விதிகள் தடுப்பதைவிட எழுத்தில் கேட்பதுதான் அதிகம் என்பதே. மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு செய்தவர்கள் அல்லர். முன்கூட்டியே ஒரு கடிதமோ, பின்னால் ஓர் அறிக்கையோ எழுதாமல் விட்டவர்கள்.

முதலில், எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமைச்சு, இலாகா ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் இருக்கின்றன. பொதுப் பல்கலைக்கழகங்களோ சட்டத்தால் அமைக்கப்பட்ட நிறுவனங்கள். அவற்றின் ஊழியர்களுக்கு 2000ஆம் ஆண்டின் சட்டப்பூர்வ நிறுவனங்கள் ஒழுங்கு, ஈட்டுத்தொகைச் சட்டம், அதாவது சட்டம் 605, பொருந்தும். அதன் அட்டவணையில் உள்ள நடத்தை விதிகள் 1993 விதிமுறைகளைப் பெரும்பாலும் ஒட்டியே எழுதப்பட்டிருப்பதால், அரசாங்க ஊழியரான உறவினர் ஒருவரின் அனுபவம் உங்களுக்கும் ஓரளவு வழிகாட்டும். ஆனால் கெடாவில் செமிலிங் பக்கம் உள்ளதைப் போன்ற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் தோழி 'எங்களுக்கு அப்படியெல்லாம் கிடையாது' என்று சொன்னால், அதை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம்; அவரைக் கட்டுப்படுத்துவது அவருடைய வேலை ஒப்பந்தம், உங்களைக் கட்டுப்படுத்துவது நாடாளுமன்றச் சட்டம்.

அன்பளிப்பு பற்றிய விதியின் சாரத்தைச் சொல்கிறேன். உத்தியோகக் கடமையோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த வகையிலாவது தொடர்புடைய எந்தப் பரிசையும், அது பொருளாக இருந்தாலும் வேறு விதமாக இருந்தாலும், ஊழியர் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. தம் சார்பில் கணவன் அல்லது மனைவியோ வேறு எவருமோ வாங்கவோ கொடுக்கவோ அனுமதிக்கவும் கூடாது. இந்த வாக்கியத்தில் ஹேம்பரின் விலை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கொடுத்தவருடைய மனத்தில் என்ன இருந்தது என்பதும் வரவில்லை. கடமையோடு தொடர்பு உண்டா என்பது ஒன்றுதான் கேள்வி. அவர் கொண்டுவந்து இறக்கும் சாமானுக்கு நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால் தொடர்பு உண்டு. அம்மா கை நீட்டி வாங்கினார் என்பதும் காப்பாற்றாது, ஏனென்றால் 'வேறு எவரும்' என்ற சொல்லில் அம்மாவும் அடங்குவார்.

அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவர் என்பதுதான் உங்களுக்கு நெருடலாக இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. தோட்டத்துப் பழக்கத்தில் தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கும் அதிரசமும் போகாத வீடு கிடையாது. திருப்பி அனுப்பினால் அது சண்டைக்குச் சமம். அந்த முறுக்குத் தட்டை எந்தச் சட்டமும் தேடி வரவில்லை. உங்களுக்கு இந்த வேலை கிடைப்பதற்கு முன்பும் அவர் ஒவ்வோர் ஆண்டும் இதே மாதிரி கூடையை உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாரா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அனுப்பியதில்லை, இந்த ஆண்டுதான் வந்தது என்றால், அது அப்பாவின் உறவுக்காக வந்ததா, உங்கள் கையெழுத்துக்காக வந்ததா என்பதற்கு விடை தேட வேண்டியதில்லை. முன்பும் அனுப்பியவர்தான் என்றாலும், இப்போது உங்கள் பதவி இடையில் வந்துவிட்டதால், விஷயத்தைத் துறைத் தலைவருக்குத் தெரியப்படுத்த வேண்டிய கடமை மாறாது.

'பண்டிகைக்குக் கொடுப்பது நம் வழக்கம்தானே' என்ற வாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், சட்டம் 694, இந்த வாதத்தை வெளிப்படையாகவே அடைத்துவிட்டது: ஒரு தொழிலிலோ சமூக நிகழ்ச்சியிலோ இப்படிக் கொடுப்பது வழக்கம் என்று காட்டும் சாட்சியத்தை அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கில் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது. ஆங்பாவ் என்னும் பண உறை, ஹேம்பர், தீபாவளிச் சேலை எல்லாவற்றுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும். வெறும் ஒழுங்கு மீறல், குற்றவியல் வழக்கு ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரியதுதான். கைம்மாறாக ஒரு காரியம் நடக்க வேண்டும் என்ற ஊழல் நோக்கம் இருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் இரண்டாவது வரும். அப்படி வந்துவிட்டால், தண்டனை 20 ஆண்டு வரை சிறையும், பெற்றதன் மதிப்பில் 5 மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் ஆகும். யாராவது கையூட்டுக் கொடுக்க முன்வந்தால் அதை வாங்காமல் இருப்பது மட்டும் போதாது, புகார் செய்யவும் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. புகார் செய்யத் தவறினால் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதைப் பல ஊழியர்கள் அறிந்திருப்பதில்லை.

வந்துவிட்ட ஹேம்பருக்கு வருவோம். மறுக்க முடியாத சூழலில் பரிசு கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை விதியே சொல்கிறது: முடிந்தவரை விரைவாகத் துறைத் தலைவருக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும், பொருளின் முழு விவரம், உத்தேச மதிப்பு, எந்தச் சூழலில் கிடைத்தது என்பவை அதில் இருக்க வேண்டும். அதை நீங்கள் வைத்துக்கொள்ளலாமா, கொடுத்தவருக்கே தம் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்று தலைவர் முடிவு செய்வார். ஆகவே கூடையைப் பிரிக்காதீர்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவற்றை வரிசையாக எழுதுங்கள். 'இன்ன தேதி பிற்பகல், நான் பணியில் இருந்தபோது, இன்ன நிறுவனத்தைச் சேர்ந்த இன்னார் என் தாயாரிடம் இதைக் கொடுத்துச் சென்றார். அந்நிறுவனம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சாமான் விநியோகிக்கிறது. அவற்றைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அவர் என் தந்தையின் நெடுநாள் நண்பர்' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கடைசி வாக்கியத்தை வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டாம். நாளைக்கு வேறு யாராவது அதைச் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட இன்றைக்கு உங்கள் கையெழுத்தில் இருப்பது நல்லது. ஒரு நகலைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் அரசுசார் நிறுவனங்களில் நேர்மைப் பிரிவு அமைக்கப்பட்டு வந்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்திலும் இருந்தால் ஒரு நகலை அங்கும் அனுப்பலாம். பல நிறுவனங்கள் 'அன்பளிப்பு ஏற்பதில்லை' என்ற கொள்கையையும் தனியாக அறிவித்திருக்கின்றன. அப்படி இருந்தால் குத்தகையாளரிடம் நீங்கள் வாய் வலிக்க விளக்க வேண்டியதே இல்லை, அந்தக் கொள்கையின் ஒரு பிரதியை அப்பாவின் கையில் கொடுத்து அவரையே சொல்லச் சொல்லுங்கள். அண்ணன் சொன்னால் தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார்.

500 ரிங்கிட்டுக்குக் கீழே என்றால் பிரச்சினை இல்லை என்று அலுவலகத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தவறான புரிதல் எல்லா இடத்திலும் இருக்கிறது. பொதுச் சேவைத் துறையின் 1998ஆம் ஆண்டின் 3ஆம் எண் சுற்றறிக்கையிலிருந்து வந்த அளவு அது: மாதச் சம்பளமும் படிகளும் சேர்ந்த தொகையில் கால் பங்கு அல்லது 500 ரிங்கிட், இவற்றில் எது குறைவோ அது. மாதம் 2,600 ரிங்கிட் பெறுகிறவருக்குக் கால் பங்கு 650 ஆகிறது, எனவே 500தான் எல்லை. 1,800 பெறும் ஊழியருக்கு எல்லை 450 ஆகிவிடும். உத்தியோகத் தொடர்பில்லாதவர்கள் தரும் பரிசை எப்போது எழுத்தில் தெரிவித்து அனுமதி பெற வேண்டும் என்பதற்கான அளவு அது. உத்தியோகத் தொடர்புள்ள குத்தகையாளரிடமிருந்து 499 ரிங்கிட் வரை வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதிச் சீட்டு அல்ல.

மொய்யும் இதே கணக்கில்தான் வருகிறது, ஆனால் கொஞ்சம் எளிதாகக் கையாளலாம். கல்யாணம் தம்பியுடையது, மொய் தம்பியின் பெயரில் எழுதப்படுவது, உறவினர், ஊரார் எழுதுவதில் உங்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அந்தக் குத்தகையாளர் மற்றவர்களைப் போல ஊர் வழக்கப்படி ஒரு தொகையை எழுதினால் நோட்டில் அப்படியே இருக்கட்டும், மொய் நோட்டே உங்களுக்குச் சாட்சி. ஐம்பது எழுதும் கூட்டத்தில் ஒருவர் மட்டும் ஆயிரத்து ஐநூறு எழுதினால், அது தம்பிக்கு எழுதப்பட்ட மொய் அல்ல என்று உங்களுக்கே தெரியும். அதை அறிக்கையாக எழுதிவிடுங்கள். விருந்துக்கு விதி இன்னும் தளர்வானது. உங்கள் கடமையைப் பாதிக்காத வரை, நடத்தை நெறிக்கு முரணாகாத வரை, விருந்து கொடுக்கவும் ஏற்கவும் தடையில்லை. ஆகவே தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அவர் வந்து சாப்பிடுவதும், நீங்கள் அவர் வீட்டுக்குப் போவதும் பெரிய விஷயம் அல்ல. விலைப்புள்ளி முடிவாகும் வாரத்தில் அவர் உங்களை மட்டும் ஜார்ஜ்டவுன் ஹோட்டலுக்கு அழைத்தால் அது வேறு கதை.

மாணவரின் பெற்றோர் கொண்டுவரும் பட்டுச் சேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. செய்முறைத் தேர்வில் நீங்கள் உதவி செய்கிறீர்கள், மதிப்பெண்ணோடு தொடர்பு இருக்கிறது, வாங்காதீர்கள். பட்டமளிப்பு முடிந்த பிறகு ஒரு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பதவி உயர்வுக் கோப்பில் சேலையைவிட அது உதவும். சக ஊழியரின் கல்யாணத்துக்கோ பணி ஓய்வுக்கோ இடமாற்றத்துக்கோ எல்லோரும் விருப்பப்பட்டுக் காசு சேர்த்து ஒரு பொருள் வாங்கித் தருவதை, துறைத் தலைவரின் அனுமதியோடு, விதியே ஏற்றுக்கொள்கிறது.

தம்பியின் கேட்டரிங் தொழில்தான் உங்கள் பட்டியலில் மிக ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன், நீங்கள் அதை ஒரே வரியில் எழுதியிருந்தாலும். வெளிவேலை பற்றிய விதி, அனுமதியில்லாமல் எந்த வணிக, விவசாய, தொழில் முயற்சியின் நிர்வாகத்திலோ கொடுக்கல் வாங்கலிலோ நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கெடுக்கக் கூடாது என்று தொடங்குகிறது. தொழில்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பங்காளியாகப் பெயர் பதிந்துவிட்டால், நீங்கள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்று சொல்லிப் பயனில்லை. பதிவு யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆவணம். வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்கும், அக்காவுக்கு நிலையான சம்பளம் இருக்கிறது என்பதற்காகத்தான் வீடுகளில் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். அதே விதியில் ஒரு வழியும் இருக்கிறது: உங்கள் சொந்த நலனுக்காகவோ நெருங்கிய உறவினரின் நலனுக்காகவோ இத்தகைய வேலையில் ஈடுபட, துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி பெறலாம். அனுமதி கொடுக்கும்போது அவர் பார்ப்பவை, வேலை நேரத்தில் செய்யப்படுமா, ஊழியராக உங்கள் பயன்பாட்டைக் குறைக்குமா, நிறுவனத்தின் நலனோடு மோதுமா, உங்கள் பதவிக்குப் பொருந்தாததா என்பவை. அனுமதி வந்த பிறகுதான் பெயர் பதிய வேண்டும். பதிந்துவிட்டு, பிறகு விண்ணப்பிப்பது மீறலை நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுப்பதாகும்.

அந்தக் கேட்டரிங் ஒருநாள் பல்கலைக்கழகத்துக்கே சாப்பாடு கொடுக்க விலைப்புள்ளி அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துவிடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பொது நிறுவன அதிகாரி ஒருவர், தமக்கோ உறவினருக்கோ கூட்டாளிக்கோ நலன் உள்ள விஷயத்தில் முடிவெடுத்தாலோ நடவடிக்கை எடுத்தாலோ, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாகவே அனுமானிக்கிறது. உறவினர் என்பதில் உடன்பிறந்தவர் அடங்குவார். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். எனவே தம்பியின் பெயர் எங்காவது ஒரு காகிதத்தில் தென்பட்டால், அந்தக் கூட்டத்திலிருந்தும் அந்தக் கோப்பிலிருந்தும் எழுத்தில் அறிவித்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். 'நான் வாயே திறக்கவில்லை' என்பது விலகியதாகாது. பெயரளவில் சேர்வதைவிட, தம்பிக்கு உங்கள் சேமிப்பிலிருந்து கைமாற்றுக் கொடுத்து உதவுவது எவ்வளவோ நிம்மதி என்பது என் கருத்து. வீட்டில் இதற்குக் கொஞ்சம் முணுமுணுப்பு வரும், வரட்டும்.

வார இறுதிக் கணித வகுப்புக்கு அனுமதி கிடைப்பது கடினமில்லை. காசு வாங்கினால் அது ஊதியத்துக்கான வெளிவேலை, ஆகவே முன் அனுமதி வேண்டும். நாள், நேரம், இடம், கட்டணம் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் காட்டுங்கள். அனுமதியில் காலவரையறை இருந்தால், முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். அந்த வருமானம் சம்பளத்தோடு சேர்ந்து உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டிய வருமானம் ஆகும். பல்கலைக்கழக நகல் இயந்திரத்தில் பயிற்சித் தாள் எடுக்காதீர்கள். இலவசமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஊதியப் பிரச்சினை எழாது. தோட்டத்தில் படித்து மேலே வந்தவர்கள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை, விதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோயில் பொருளாளர் பதவி சம்பளமில்லாத தொண்டு என்ற அளவில் உங்களுக்குத் தடையாகாது. ஆனாலும் ஒரு கடிதம் போட்டுவைப்பது நல்லது, முக்கியமாகக் கோயில் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விட்டு வணிகம்போல நடத்துகிறது என்றால். பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. சங்கப் பதிவிலாகாவில் பதிவுபெற்ற சங்கமும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கண்ணில் ஒரு பொது நிறுவனம்தான். அதாவது, கோயில் கோபுரத்துக்குச் சாயம் பூச ஆள் பிடிக்கும்போது வாங்கும் 'டீக்காசு'ம், பல்கலைக்கழகத்தில் வாங்கும் கையூட்டும் ஒரே சட்டத்தின் கீழ் வரும்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துத் தரும் கேள்விக்கு, நீங்கள் எதிர்பார்க்கும் பதில் 'காசு வாங்காவிட்டால் செய்யலாம்' என்பதாக இருக்கலாம். அப்படி இல்லை. நிபுணர் என்ற முறையில் அறிக்கை கொடுப்பதையும் சாட்சியம் சொல்வதையும், ஊதியத்துக்காக இருந்தாலும் இலவசமாக இருந்தாலும், அனுமதியின்றிச் செய்யக் கூடாது என்றே விதி சொல்கிறது. காரணம் எளிது. செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று ஒரு தகராறு எழுந்து, உங்கள் கையெழுத்திட்ட சோதனைத்தாள் நீதிமன்றத்துக்குப் போனால், அதைப் பல்கலைக்கழகத்தின் கருத்து என்றே எல்லோரும் படிப்பார்கள். மாதிரியை யார் எடுத்தார்கள், எந்தப் புட்டியில், எத்தனை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்கே அந்தத் தாள் நிற்காது. அப்போது அந்த மக்களுக்கும் அது உதவாது. ஆலைக் கழிவு நீருக்கு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977 முதல் தனி விதிமுறைகளே இருக்கின்றன. அதைச் சோதிக்கும் அதிகாரம் சுற்றுச்சூழல் துறைக்கு இருக்கிறது. குடிக்கும் கிணறு என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுக வேண்டும். குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் புகார்க் கடிதம் எழுதவும், மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொள்ளவும் நீங்கள் தாராளமாக உதவலாம். பல்கலைக்கழகமே செய்ய வேண்டும் என்று மக்கள் விரும்பினால், சங்கம் டீனுக்கு எழுதட்டும். ஆலோசனைச் சேவைப் பிரிவு வழியாகவோ சமூகத் திட்டமாகவோ அது ஏற்கப்பட்டால், அதே சோதனையை அதே ஆய்வுக்கூடத்தில் நீங்களே, இந்த முறை பணியின் பகுதியாக, செய்து கொடுக்கலாம்.